நாலு வரி, ஒரு புஸ்

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

பூனை எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் நாவல் படமாகிறது என்று நீ எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முடிப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். கீழ்வீடு, எதிர்வீடு, காய்கறிக் கடை, எல்லோருக்கும் இப்போது தெரியும். கடைக்காரர், "ஹீரோ யாரும்மா?" என்று கேட்டாராம். "ஹீரோவெல்லாம் கிடையாதுங்க. பொண்ணுதான் எல்லாம். பாட்டு மாதிரியே வேகமா பேசுவாளாம்" என்றாளாம் இவள். ராப் என்ற வார்த்தை அம்மா வாயில் நுழையவில்லை.

நாவலை இப்போதுதான் முழுதாகப் படித்தேன். நன்றாக இருக்கிறது. ஆனால் சில இடங்களில் என் சட்டையை வேறு யாரோ போட்டுக்கொண்டு போவதைப் பார்ப்பது மாதிரி இருந்தது. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னதும் அந்தப் பெண்ணுக்குக் குரல் வராமல் போகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கே போவதில்லை. இதை நான் உனக்கு மட்டும்தான் எழுதியிருந்தேன். அம்மாவிடம்கூடத் தலைவலி என்றுதான் சொல்லிப் பள்ளியிலிருந்து நின்றேன். பிறகு அவள் சலவைக்கூடத்தில் சேர்ந்து, துணி தேய்க்கும் பிரஸ் மெஷின் பக்கத்தில் யார் காதிலும் விழாமல் ராப் கட்டுகிறாள். அதுவும் நான் உனக்கு எழுதியதுதான். கதையில் அவள் அம்மா அவளை அறைகிறாள். நம் அம்மா என்னை அறைந்ததே இல்லை. "அதுல நான் எப்படி இருக்கேன்?" என்று கேட்டாள். நல்லா இருக்கே என்று சொல்லிவிட்டேன். படம் வந்தால் என்ன சொல்வேனோ.

இன்னொன்று. கடைசிப் பக்கத்தில் அவள் மேடை ஏறுகிறாள். "பிறகு அவள் பாடினாள்" என்று முடித்துவிட்டாய். என்ன பாடினாள் என்று இல்லை. படத்தில் அந்த இடத்தில் பாட்டு வேண்டுமே? நான் கட்டியதைப் பதிவு செய்து அனுப்பு என்று நீ கேட்டிருப்பது இதற்காகவா? தப்பாக எடுத்துக்கொள்ளாதே. தோன்றியது, கேட்டேன்.

போனில் கூப்பிடாதே. எனக்குப் பேச்சு வராது. எழுது.

அன்புடன்,
பூனை

பிப்ரவரி 11

என் செல்லப் பூனைக்கு,

துணியை உதறுகிற மாதிரி என் கடிதத்தை உதறிப் பார்த்திருக்கிறாய். ஒன்றும் விழாது, கண்ணு.

கதை என்றால் அப்படித்தான். உன்னிடமிருந்து ஒரு சுள்ளி எடுத்தேன், உண்மைதான். அடுப்பு என்னுடையது. அந்தப் பெண் நீயில்லை. அவள் ஆயிரம் பேர் முன்னால் மைக்கைப் பிடிக்கிறாள். நீ போன் மணி அடித்தாலே கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறவள். கதையில் அறை வாங்கினால்தான் வாசிக்கிறவர்களுக்கு வலிக்கும். அதனால் அம்மா அப்படி ஆனாள். அவளிடம் நீ சொன்னதே இருக்கட்டும்.

பதிவு கேட்டது நடிகைக்காக. நல்ல பெண்தான், ஆனால் காரிலேயே வளர்ந்தவள். வேலை செய்துகொண்டே பாடுகிறவள் எங்கே மூச்சு விடுவாள், எங்கே எச்சில் விழுங்குவாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டுப் பழகட்டும் என்றுதான். பாட்டெழுத, பாட எல்லாம் இங்கே பெரிய ஆட்கள் இருக்கிறார்கள்.

சின்ன மைக் ஒன்று அனுப்பியிருக்கிறேன். போனில் சொருகினால் போதும். மெஷின் சத்தமே இல்லாத அறையில் பதிவு செய். சுற்றிலும் துணி இருந்தால் ரொம்ப நல்லது.

முத்தங்களுடன்,
அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

மைக் வந்து சேர்ந்தது. அழகாக இருக்கிறது. வெளியே எடுத்தால் யாராவது கேட்பார்கள் என்று சாப்பாட்டுப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

ஒன்று கேட்கட்டுமா? நடிகை பழகத்தான் என்றால் மெஷின் சத்தம் எதற்கு இருக்கக் கூடாது? வேலை செய்துகொண்டே பாடுகிறவளைத்தானே அவள் கேட்க வேண்டும்? நாள் முழுக்க இதே யோசனையாக இருந்ததில் ஒரு விரிப்பைக் கருக்கிவிட்டேன்.

எங்கள் வேலையைப் பற்றி உனக்கு எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். பிரஸ்ஸில் இரண்டு பேர் நிற்போம். நான் ஆஸ்பத்திரி விரிப்பை இழுத்து விரிப்பேன். எதிரில் நிற்கிற உயரமான அக்கா கைப்பிடியைப் பிடித்து மூடியை இறக்குவாள். அவளை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள், அவளுக்கும் அது பிடிக்கும். மூடி இறங்கியதும் புஸ்ஸென்று ஆவி கிளம்பும். அப்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் நாலு வரி, ஒரு புஸ், மறுபடி நாலு வரி. மெஷின் என்னை அப்படித்தான் பழக்கியிருக்கிறது.

நேற்று சாப்பாட்டு இடைவேளையில் துணிக்கிடங்குக்குள் போய்ப் பதிவு செய்தேன். மெஷின் இல்லாவிட்டாலும் நாலு வரி ஆனதும் வாய் தானாக மூடிக்கொண்டது. அனுப்பியிருக்கிறேன்.

"மடிக்கிறேன் மடிக்கிறேன் ஊரார் படுத்த விரிப்பு
மடிப்புக்குள்ள மாட்டிக்கிச்சு என்னோட சிரிப்பு
வாய மூடு வாய மூடுன்னு வளத்துட்டீங்க என்ன
மூடி தொறந்தா ஆவி வரும், ஒதுங்கி நில்லு முன்ன"

என்று தொடங்குவது. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நடிகை பழகத்தான், வேறு எதற்கும் இல்லை என்று அம்மா மேல் சத்தியம் செய்து எழுது. இந்தக் கடிதத்தை இரண்டு படி எழுதினேன். ஒன்று என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
பூனை

மார்ச் 24

பூனைக் கண்ணு,

தாமதத்துக்குக் கோபப்படாதே. படப்பிடிப்பில் நிற்கவும் நேரமில்லை. உன் பதிவைக் கேட்டு டைரக்டர் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் அழுதால் அப்படித்தானாம். நாலு வரிக்கு ஒருமுறை மூச்சு வாங்க நிறுத்துகிறாயே, அதை இங்கே எல்லோரும் ரசித்தார்கள்.

அம்மா மேல் சத்தியம். போதுமா? இரண்டு படி எழுதுகிற அளவுக்கு நான் என்ன பக்கத்து வீட்டுக்காரியா?

அக்கா

மே 6

அக்காவுக்கு,

நடிகை மட்டும் கேட்கத்தானே அனுப்பினேன்? "இங்கே எல்லோரும்" என்றால் யார் யார்? அப்போதே கேட்டு எழுத நினைத்தேன். நான்தான் ஒன்றுமில்லாததைக் கிண்டுகிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

இன்று சாப்பாட்டு நேரத்தில் நெட்டை தன் போனில் உன் படத்தின் டிரெய்லரைப் போட்டாள். "இவ அக்கா எழுதுன கதைடி!" என்று எல்லோரையும் கூப்பிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

நடிகை மேடை ஏறினாள். வாயைத் திறந்தாள். மடிக்கிறேன் மடிக்கிறேன் என்று என் குரல் வந்தது.

அது என் குரல்தானா என்று எனக்கே முதலில் உறுதியில்லை. கீழே மத்தளமும் என்னவெல்லாமோ சேர்த்திருந்தார்கள். யாரோ என்னைப் போலப் பாடியிருக்கலாம் என்று நினைக்கத்தான் பார்த்தேன். நாலு வரி முடிந்தது. இடைவெளி வந்தது. அப்போது நெட்டையின் வலது கை காற்றில் கீழே இறங்கியது, அக்கா. மூடியை இறக்குகிற மாதிரியே. அவள் அதைத் தெரிந்து செய்யவில்லை. கையைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏய், இது நீதானே?"

நான் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வாய தொற. நீதானே?"

"எப்படித் தெரியும்? நான் சத்தமாப் பாடினதே இல்லையே."

"அடிப்பாவி. ரெண்டு வருஷமா உன் உதட்டப் பாத்துத்தான்டி மூடி எறக்குறேன். நீ முடிக்கட்டும்னு நிப்பேன். மெஷின் பாட்டுக்கு எறக்கினா உனக்குப் பாதியில அறுந்து போவாதா?"

மெஷின்தான் என்னை நிறுத்துகிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவள் எனக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

டிரெய்லரின் கடைசியில் பெயர்கள் போட்டார்கள். பாடல் வரிகள் என்ற இடத்தில் உன் பெயர். பாடியவர் என்று யார் பெயரும் இல்லை.

அம்மா மேல் சத்தியம் செய்தாய். ஒன்றே ஒன்று சொல். மைக்கை அனுப்பும்போதே இது உனக்குத் தெரியுமா?

பூனை

மே 14

என் தங்கமே,

தெரியும். பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது.

கடைசிப் பக்கத்துக்குப் பாட்டு எழுத நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. எழுதியதையெல்லாம் டைரக்டர் கிழிக்காத குறை. அதனால்தான் உனக்கு மைக் அனுப்பினேன். நீ கட்டியதைக் கேட்டதும் "இதுதான்" என்றார். யார் எழுதியது என்று கேட்டார். வாய் என்னையும் மீறி "நான்தான்" என்றது. குரல் யாரோ தெரிந்த பெண் என்று சொல்லிவைத்தேன். உன்னிடம் கேட்டிருந்தால் நீ ஒத்துக்கொண்டிருப்பாயா? கதவுக்குப் பின்னால் போயிருப்பாய். அங்கேயே கிடந்து மக்கிப்போயிருக்கும் ஒன்றை உலகத்தைக் கேட்க வைத்திருக்கிறேன். அப்படியும் கொஞ்சம் நினைத்துப் பார்.

உனக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கும் இருக்கிறது. அடுத்த மாதம் பாட்டு வெளியீட்டு விழா. நடிகை மேடையில் அதை நேரில் பாடுவதாக அறிவித்துவிட்டார்கள். நீ வா. திரைக்குப் பின்னால் நின்று பாடினால் போதும், யாரும் பார்க்க மாட்டார்கள். உனக்குத்தான் கூச்சமாச்சே. இரண்டு நாள் என்னோடு இருக்கலாம்.

மாட்டேன் என்று சொல்லிவிடாதே.

உன் அக்கா

மே 22

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்கு உன் கடிதத்தையும் வாசித்துக் காட்டினேன், நாவலில் அந்த அறை வருகிற பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன். புத்தகத்தை வாங்கி மூடி வைத்தாள். "நான் அறையுற மாதிரியா எழுதியிருக்கா? வரச் சொல்லு. நெசமாவே ஒண்ணு வெக்கிறேன்" என்றாள். பிறகு, "சாப்பிட்டாளா கொண்டாளான்னு கேட்டு எழுது" என்றாள். இரண்டையும் எழுதிவிட்டேன்.

விழாவுக்கு நான் வரவில்லை. கூச்சம் காரணமில்லை. எனக்குக் கூச்சம் இருக்கிறது, இன்னும் நிறைய இருக்கிறது. ஆனால் கதவுக்குப் பின்னால் நானாகப் போய் நிற்பது வேறு, நீ கொண்டுபோய் நிறுத்துவது வேறு.

நேற்று வேலை நேரத்திலேயே நெட்டை தன் போனைத் துணிக்கட்டின் மேல் சாய்த்து வைத்தாள். "பாடு. ஒரு தரம் பாடிட்டா பயம் போயிரும். போகலன்னா ரெண்டு தரம் பாடு" என்றாள். பாடினேன். முதலில் குரலே வரவில்லை, வகுப்பில் ஆனது போலவேதான். யாரும் சிரிக்கவில்லை. அவள் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வந்தது. நாலு வரி, ஒரு புஸ், நாலு வரி, ஒரு புஸ். முழுப் பாட்டும் மெஷினோடுதான். இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டோம், என் சொந்தப் பெயரில். "பாட்டு நல்லாருக்கு, அந்த மெஷின ஆஃப் பண்ணுங்க" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நெட்டை அவரோடு இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

டைரக்டரிடம் உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்பது உன் விஷயம். நீ சொல்வாய் என்று நான் நம்பவில்லை. இதையும் அடுத்த நாவலில் போடுவாயோ என்றுதான் யோசிக்கிறேன். போட்டால் நெட்டையைக் குட்டையாக்கிவிடாதே, கொன்றுவிடுவாள்.

இதற்கு மேல் நான் உனக்குக் கடிதம் எழுதப் போவதில்லை. கோபத்தில் சொல்லவில்லை. நான் எழுதினால் அது உன்னுடையதாகிவிடுகிறது. மைக்கைத் தனியாகப் பார்சலில் அனுப்புகிறேன்.

பேச வேண்டும் என்றால் போன் செய். எடுப்பேன். முதலில் கொஞ்ச நேரம் சத்தமே வராது. வைத்துவிடாதே. காத்திரு.

உன் தங்கை