ஜன்னல் கம்பியில் காய்த்த பரங்கி

அக்கா,

இன்று காலை எண்ணூரிலிருந்து வந்த என் மகள், பையிலிருந்து ஒரு பரங்கிக்காயை எடுத்துச் சமையல்மேடையில் வைத்தாள். "அத்தை குடுத்தாங்கம்மா" என்றாள். அவள் மாமியார் வீட்டுக் காய். உன் விதையில் வந்தது. அரிவாள்மணையில் இரண்டாகப் பிளந்ததும் அந்தப் பச்சை வாசனை குப்பென்று எழுந்தது. கூடவே உன்மேல் எரிச்சலும் வந்தது. செத்துப்போன மனுஷிமேல் எரிச்சல் வரலாமா என்று கேட்காதே. வரும்படிதானே நீ நடந்துகொண்டாய்!

தண்டையார்பேட்டையில் நீ கீழ்வீடு, நான் மேல்வீடு. குழாயடியில் வழிகிற தண்ணீர் வீணாகிறதென்று பரங்கி விதை ஊன்றினாய். படரவிட இடமில்லாமல் கயிறு கட்டி என் ஜன்னலுக்கு ஏற்றிவிட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? துறைமுகத்து நிலக்கரித் தூசி இலையெல்லாம் கருப்பாகப் படியும். நீ என் வீட்டுக்குள் வந்து, கம்பி வழியே கைவிட்டு, ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைப்பாய். தரையில் சொட்டும் கருப்புத் தண்ணீரை நான் துடைப்பேன்.

அதில் ஒரு பிஞ்சு இரண்டு கம்பிகளுக்கு நடுவே பிடித்தது. அங்கேயே பருத்து, பாதி வெளியே, பாதி கூடத்துக்குள்ளே என்று சிக்கிக்கொண்டது. ஜன்னலைச் சாத்த முடியவில்லை. சோற்றில்கூடக் கரி விழுந்தது. அறுத்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன்.

"கைய வெச்சே, கெட்ட கோவம் வரும். அது வெதைக்காயி. காம்பு காயட்டும்."

"ஊட்டுக்காரு கத்துறாருக்கா."

"கத்தட்டும். காயி இன்னா அவரு மடியிலயா கீது?"

அந்தச் சமயத்தில்தான் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். இரண்டு இடம் தட்டிப்போன பிறகு வந்த இடம். பயந்துபோய் ஜன்னலில் ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டியிருந்தேன். அவர்கள் உட்கார்ந்ததும் காற்று அதைத் தூக்கியது.

"இன்னாங்க அது, ஜன்னல்ல?" என்றார் பையனின் அம்மா.

நான் வாயைத் திறப்பதற்குள் நீ வந்து நின்றாய். நைட்டிமேல் துண்டு, கையில் ஈரத்துணி. உன்னை யார் கூப்பிட்டது? "வெதைக்கு வுட்டுக்கீறேன்மா. நகத்தால குத்திப் பாருங்க, எறங்காது" என்று அந்த அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். மகள் காபித் தட்டோடு நின்றாள். காபி ஆறியது. சம்பந்தம் பேச வந்தவரோ, விதையைச் சாம்பலில் எப்படிப் பிசறி வைப்பது என்று உன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் மூலைக்கடை எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வந்தது: சம்மதமாம். முதலில் உன்னிடம்தான் ஓடிவந்தேன். "பொண்ண பாத்தா ஒத்துக்கினாங்க? என் காய பாத்து ஒத்துக்கினாங்க" என்றாய். அப்புறம் தெரு முழுக்க அதே பேச்சு. கல்யாணப் பந்தலில்கூட நிறுத்தவில்லை.

காம்பு காய்ந்தபோது, கம்பியை அறுக்கலாம் என்று யோசனை சொன்னாய். காயை அல்ல, என் வீட்டு ஜன்னல் கம்பியை! என் வீட்டுக்காரர் கத்தியை எடுத்துக் காயைப் பிளந்தார். உள்பாதி என் கூடத்தில் விழுந்தது. வெளிப்பாதி, கீழே முந்தானையை விரித்து நின்ற உன்னிடம் விழுந்தது. உடனே மூச்சு வாங்க மாடியேறி வந்து, "சதைய துன்னுக்கோ, வெதைல கைய வெக்காதே" என்று என் பாதியிலிருந்தும் வழித்துக்கொண்டாய். கழுவி, என் முறத்திலேயே நிழலில் காயவைத்தாய். அதில் ஒரு கைப்பிடி எண்ணூருக்குப் போனது. நான் நெத்திலிக் கருவாடு போட்டு, துளி வெல்லம் சேர்த்துக் குழம்பு வைத்தேன். மறுசோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, உப்பு பத்தவில்லை என்றாய்.

அந்த மூச்சுவாங்கலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று எத்தனை முறை கூப்பிட்டேன்! அடுத்த கொடியைக் காட்டி, "பிஞ்சு வுட்டுக்கீது, அத்த வுட்டுட்டு எப்டி வர்றது?" என்றாய். மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் குழாயடிக்கு வந்தவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாய். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. இதற்காகத்தான் உன்னை நான் மன்னிக்கவே மாட்டேன்.

உன் வீட்டில் இப்போது வேறு குடும்பம். தங்கமானவர்கள். எதையும் என் பக்கம் ஏற்றிவிடுவதில்லை. இதுவரை ஒரு சின்னச் சண்டை கிடையாது. அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

உன்னோடு போட வேண்டிய சண்டைகளை அடுப்படியில் தனியாக நின்று மனசுக்குள்ளேயே போட்டுக்கொண்டிருக்கிறேன். அதிலும் நீதான் ஜெயிக்கிறாய்.