எதிர் வரிசை

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. அம்மாவும் நானும் என் வீட்டுக்காரரும் ஏதோ இருக்கிறோம். போன் செய்தால் உன் ஆபீஸ் ஆட்கள்தான் எடுக்கிறார்கள். "சார்கிட்ட சொல்றோம்" என்று வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் கடிதம்.

நம் தெருவை வைத்து நீ முதன்முதலில் செய்தாயே ஒரு வீடியோ கேம், அதற்காக மாநகராட்சி தெருவையே 'கேம் தெரு' ஆக்குகிறது. திறந்து வைக்க நீ வருகிறாயாம். கேள்விப்பட்டதும் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

போன வாரம் ஓர் இன்ஜினியர் உன் கேமை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே தெருவை அளந்தார். கேமில் உள்ள வீடுகளுக்குப் புதுப் பெயின்ட். இல்லாதவற்றுக்கு இடிப்பு. நம் பழைய வீட்டுக்கு எதிர் வரிசை முழுக்க நீ வெறும் சுவர் போட்டிருக்கிறாய். கல்யாணமாகி நான் வந்த வீடு அந்த வரிசையில்தான். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் தெருவின் இரண்டு பக்கத்தையும் தாங்காது என்று நீ சொன்னதை அவரிடம் சொன்னேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா, இதுல சுவர்தான இருக்கு" என்றார். பக்கத்து வீட்டு வெல்டர், "அப்ப நாங்க இத்தன வருஷமா சுவத்துக்குள்ளயா குடித்தனம் பண்ணோம்?" என்று கேட்டார். இன்ஜினியர் சிரித்துவிட்டு அடுத்த வீட்டை அளக்கப் போனார்.

எங்களைப் போன்ற வாடகைக்காரர்களுக்கு ஊருக்கு வெளியே, பஸ் போகாத இடத்தில் வீடு தருவார்களாம். கவுன்சிலரிடம் போய் நின்றோம். "இந்தத் திட்டத்துக்கு உங்கண்ணனே கையெழுத்துப் போட்டுட்டாரு, நீ எதுத்தா எப்படிம்மா?" என்றார். எதில் கையெழுத்துப் போட்டாய் என்று உனக்குத் தெரியாது என்றுதான் நினைக்கப் பார்க்கிறேன். ஊர் உன்னைக் கொண்டாட வேண்டும், அதற்கு இடம் வேண்டும், அதற்கு நாங்கள் போக வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

நாம் விற்ற பழைய வீடு தப்பித்தது. கேமில் அதன் வாசலில் நின்று உன்னைச் சாப்பிடக் கூப்பிடுகிற அம்மாவுக்குச் சிலை வைக்கிறார்கள். நிஜ அம்மா தடியை ஊன்றிக்கொண்டு தினமும் போய், "மூக்கு என்னோடது மாதிரியே இல்லையேப்பா" என்று வேலையாட்களிடம் சண்டை போட்டுவிட்டு வருகிறாள். அவள் படுத்து எழுகிற என் வீடு இடிபடப்போவதை நான் இன்னும் சொல்லவில்லை. பிள்ளை வருகிறான் என்ற நினைப்பிலேயே இருக்கிறாள்.

ஒரு போன் போதும், அண்ணா. எதிரிலும் வீடுகள் இருந்தன, ஆட்கள் இருந்தார்கள் என்று மாநகராட்சியிடம் சொல். முடியாதென்றால், வரும்போது அம்மாவை எங்கே வந்து பார்ப்பாய் என்றாவது எழுது. அங்கே கொண்டுபோய் உட்கார வைக்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று எழுதச் சொன்னாள் அம்மா. எழுதிவிட்டேன்.

தங்கை