அம்மா வேஷம்

1928 செப்டம்பர் 11, செவ்வாய்

படம் முடிந்தது. எனக்கு இது முப்பத்தோராவது படம். கடைசிக் காட்சியில் குதிரைக்குத் தண்ணீர் காட்டும் தொட்டிக்குள் மூன்று முறை தள்ளினார்கள். மூன்று முறையும் அழகாக விழுந்தேன் என்று இயக்குநர் கை தட்டினார். வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்தபோதுதான் முழங்கால் வீங்கியிருப்பது தெரிந்தது.

குறை சொல்ல மாட்டேன். பதினாறு வயதில் ஊர் ஊராக ரயிலேறி, குரங்கு வித்தைக்கும் கத்தி வீச்சுக்கும் நடுவில் பத்து நிமிடம் பாடிக்கொண்டிருந்தவள் நான். இன்று ஹாலிவுட்டில் சொந்த வீடு, கொல்லையில் இரண்டு ஆரஞ்சு மரம்.

மாலையில் பத்திரிகைக்காரர்கள் வந்து புகைப்படம் எடுத்தார்கள். 'ஐடா ஹாலண்டும் அவருடைய குட்டித் தங்கையும்.' வின்னி என் தோளில் சாய்ந்து சிரித்தாள். அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"ஜூஸ் பிழியட்டுமா அக்கா? களைச்சுப் போயிருப்பீங்களே அக்கா?"

இரண்டு அக்கா. ஒன்று போதவில்லை அவளுக்கு.

செப்டம்பர் 14, வெள்ளி

இந்த நோட்டுக்குப் பூட்டு இருக்கிறது. இங்கேயாவது உள்ளதை எழுதலாம்.

வின்னி என் மகள். அவள் பிறந்தபோது எனக்குப் பதினேழு. எங்கள் குழுவில் கொம்பு வாசித்தவன், டென்வர் போனதும் கல்யாணம் என்றான். ஷையன் ஸ்டேஷனில் சிகரெட் வாங்க இறங்கினான். ரயில் கிளம்பியது, அவன் ஏறவில்லை. ஒமாஹாவில் சித்திதான் பிள்ளையை வளர்த்தாள். போன வசந்தத்தில் சித்தி இறந்ததும் வின்னியை இங்கே கூட்டிவந்தேன். தங்கை என்று சொன்னேன். ஸ்டுடியோ ஒப்பந்தத்தில் ஒழுக்கம் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. கல்யாணமாகாத நடிகைக்குப் பதினைந்து வயதில் மகள் என்றால் அன்றோடு சரி. அதோடு, ஊருக்கு என் வயது இருபத்தேழு.

வின்னிக்கு எல்லாம் தெரியும். சித்தி மறைக்காமல் வளர்த்தாள். அதற்காகவே அந்தப் புண்ணியவதியின் காலைத் தொட வேண்டும்.

அக்டோபர் 3, புதன்

குரல் பரீட்சை! ஸ்டுடியோவே ஒரு மாதமாகக் காய்ச்சலில் கிடந்தது. இனி படங்கள் பேசப்போகின்றன, யார் குரல் தேறும், யார் வீட்டுக்குப் போவார்கள் என்று. பெரிய பெரிய கதாநாயகர்கள் கூடக் கழிப்பறையில் நின்று வசனம் சொல்லிப் பார்க்கிறார்கள்.

பியானோவில் ஏப் லூரி. நாடோடிக் காலத்திலிருந்தே எனக்கு வாசிப்பவர். மௌனப் படங்களில் எனக்கு அழுகை வர வேண்டுமென்றால் காமிராவுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்து அழவைப்பவரும் அவர்தான். "எட்டு வருஷமா வாயை மட்டும் அசைச்சே. இன்னிக்காவது திற, பொண்ணே," என்றார்.

பாடினேன். அதைப் பதிவு செய்து திருப்பிப் போட்டார்கள். என் குரலை நான் இதுவரை கேட்டதே இல்லை! முப்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஒரு பெண்ணைச் சந்திப்பது போல் இருந்தது. கனத்த குரல், கொஞ்சம் கரகரப்பு. பிடித்திருந்தது.

ஒலிப்பதிவாளர், டெலிபோன் கம்பெனியிலிருந்து வந்த இளைஞர், காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். "கீச்சுக் குரலெல்லாம் இந்த மெஷினுக்கு ஆகாதும்மா. உங்க குரல் அதுக்கு வெண்ணெய் மாதிரி."

ஏப் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இந்த முறை அவர் எதையும் வாசிக்கவில்லை.

அக்டோபர் 5, வெள்ளி

ஸ்டுடியோ நிர்வாகி கிராண்டல் கூப்பிட்டு விட்டார். பேசும் படம், பாடும் படம். ஐந்து பாட்டில் சிறந்த பாட்டு எனக்கு. வேஷம்? கதாநாயகியின் அம்மா. வாடகை அறையில் அடுத்தவர் துணிக்கு இஸ்திரி போட்டு மகளை வளர்க்கும் அம்மா.

"உங்க குரல் இருபது வயசுப் பொண்ணு குரல் இல்ல மிஸ் ஹாலண்ட். அதுல வாழ்க்கை இருக்கு."

வாழ்க்கையாம். கிழவி ஆகிவிட்டாய் என்பதை எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறான்! முடியாது என்றேன். ஒரு தடவை அம்மா வேஷம் போட்டால் அப்புறம் சாகும்வரை அம்மாதான். கதாநாயகி கதவு திறக்கவே திறக்காது.

அக்டோபர் 7, ஞாயிறு

ஏப் சாப்பிட வந்திருந்தார். மேஜையில் அதே பேச்சு. "போடவே மாட்டேன். அம்மாவா நடிச்சா என் கதை முடிஞ்சுது," என்று கத்தினேன்.

வின்னி உருளைக்கிழங்கை முள்கரண்டியால் நசுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"நடிப்புல கூட உன்னால அம்மாவா இருக்க முடியாதா?"

ஏப் தண்ணீர் குடித்தார்.

அக்டோபர் 8, திங்கள்

கிராண்டலிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 20, செவ்வாய்

பாட்டு எடுத்தார்கள். மௌனப் படத்தில் இயக்குநர் கத்துவார், தச்சன் ஆணி அடிப்பான், யாரும் கவலைப்பட மாட்டார்கள். இங்கே கதவை அடைத்துவிட்டால் கல்லறைதான். விசிறி கூட ஓடக்கூடாது. விளக்குச் சூட்டில் முகப்பூச்சு கழுத்தில் வழிகிறது. காமிராவையும் அதை ஓட்டுபவரையும் ஒரு பெட்டிக்குள் வைத்து மூடியிருக்கிறார்கள். பாவம், பாதியில் மயங்கி விழுந்தார். வாத்தியக்காரர்கள் தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்து வாசிக்கிறார்கள், நான் இங்கே இஸ்திரி போட்டுக்கொண்டே பாட வேண்டும்.

முதல் தடவை என் மேலங்கி மொடமொடத்தது. கஞ்சி போட்ட துணி! இடி இடிப்பது போல் பதிவாகியிருக்கிறதாம். தண்ணீர் தெளித்து அதைத் துவளவைத்தார்கள். இரண்டாவது தடவை யாரோ தும்மினார்கள். மூன்றாவது தடவை பாடும்போது, மகளின் சட்டைக் கையை நீவிவிடும் இடத்தில், என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. வின்னிக்கு நான் ஒரு சட்டைக்கும் இஸ்திரி போட்டதில்லை. பதினைந்து வருஷத்தில் ஒன்று கூட இல்லை. கடைசி வரியில் குரல் உடைந்துவிட்டது. நிறுத்தாமல் பாடி முடித்தேன்.

"இன்னொரு தடவை எடுக்கலாமா?" என்றேன்.

"எதுக்கு?" என்றார் இயக்குநர். அவர் குரலும் சரியாக இல்லை.

1929 ஜனவரி 15, செவ்வாய்

தூக்கம் வராது. எழுதிவிடுகிறேன்.

பள்ளியிலிருந்து போன். வின்னி வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். முகப்பூச்சோடு ஓடினேன். குடல்வால் வீங்கி வெடிக்கிற நிலை, உடனே அறுக்க வேண்டும் என்றார் டாக்டர். ஒரு நர்ஸ் தாளோடு வந்தாள். கூடத்தில் முப்பது பேர் இருப்பார்கள். எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க பொண்ணுக்கு அக்காதானே, பத்திரிகையில பாத்திருக்கேன். அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போடணுமே. எங்க இருக்காங்க?"

"நான்தான் அம்மா," என்றேன்.

காதில் விழாதது போல் நின்றாள். இன்னொரு தடவை சொன்னேன். இந்தத் தடவை மேடையில் பாடுகிற குரலில். முப்பது பேருக்கும் கேட்டிருக்கும். கேட்டால் கேட்கட்டும்! பேனாவை நீட்டினாள். கூடவே தன் கைக்குட்டையையும் கொடுத்தாள். "மஸ்காரா வழியுதும்மா." அவள் பெயரைக் கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை நான்.

ஜனவரி 16, புதன்

பிழைத்துவிட்டாள். பிழைத்துவிட்டாள். பிழைத்துவிட்டாள்.

ஜனவரி 21, திங்கள்

செய்தி பேப்பரில் வந்துவிட்டது. யார் சொன்னார்களோ, முப்பது பேரில் யாரைக் கேட்பது. கிராண்டல் மேஜைமேல் ஒரு தாள் தயாராக இருந்தது.

"பதட்டத்துல, தங்கச்சி மேல இருக்கற பாசத்துல அம்மான்னு சொல்லிட்டேன். நீங்க சொல்ற மாதிரி இவ்வளவுதான் எழுதியிருக்கோம். ஊரே உங்களைக் கொண்டாடும். ஒரு கையெழுத்துப் போடுங்க."

படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். நானே நம்பியிருப்பேன்.

"ஒரே வாரத்துல இது ரெண்டாவது கையெழுத்து. ஆஸ்பத்திரியில போட்டது உண்மை. அதை அழிக்க மாட்டேன்."

"அப்ப நாங்க ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்."

"பாருங்க."

வெளியே வந்து வாசல் காவல்காரரிடம் எப்போதும் போல் வணக்கம் சொன்னேன். தெருமுனை மரத்தடி வரை நிமிர்ந்து நடந்தேன். அதற்கப்புறம் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிப்ரவரி 6, புதன்

என்னை நீக்கிவிட்டார்கள். படத்தில் என் காட்சிகள் இருக்கும், பெயர் இருக்காது. மளிகைக்கடையில் இரண்டு பெண்கள் வேறு வரிசைக்கு மாறினார்கள். வின்னி கட்டோடு படுக்கையில் இருக்கிறாள்.

"என்னாலதானே?" என்றாள்.

"இல்லடி. என்னாலதான். பதினஞ்சு வருஷம் முன்னாடி பண்ண வேண்டியதை இப்பப் பண்ணேன்."

"அப்ப இனிமே உன்னை என்னன்னு கூப்பிடறது?"

"உன் இஷ்டம்."

"யோசிச்சுச் சொல்றேன்," என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு குலுங்கியது. சிரிப்பா, அழுகையா, நான் பார்க்கவில்லை.

மார்ச் 22, வெள்ளி

படம் வெளியானது. பகல் காட்சிக்கு நானும் வின்னியும் ஏப்பும் முக்காடு போடாத குறையாகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். பாட்டு வந்தது. குரல் உடைந்த இடத்தில் முன்வரிசையில் ஒரு பெண் சத்தமாக மூக்கைச் சிந்தினாள். அப்புறம் இன்னொருத்தி. பாட்டு முடிந்ததும் கை தட்டினார்கள். திரைக்குப் போய்க் கை தட்டுகிறார்களே, அது கேட்குமா என்ன! எனக்குக் கேட்டது.

வின்னி என் கையை விடவேயில்லை.

ஏப்ரல் 18, வியாழன்

பெயர் போடாததே உதவியாகிவிட்டது போலிருக்கிறது. இஸ்திரி போட்டுப் பாடிய அந்த அம்மா யார் என்று பத்திரிகைகளுக்குக் கடிதம் போகிறதாம். யார் என்று தெரிந்த பிறகும் நிற்கவில்லை. எனக்கே இன்று பதினொரு கடிதம். இரண்டு திட்டு. மீதி ஒன்பதும் பெண்கள் எழுதியவை. டொலீடோவிலிருந்து ஒருத்தி பெயர் போடாமல், 'என் பிள்ளையை அண்ணன் பிள்ளை என்றே வளர்க்கிறேன்' என்று மட்டும் எழுதியிருக்கிறாள். பதில் போட விலாசம் இல்லை. அந்தக் கடிதத்தை இந்த நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

மே 2, வியாழன்

ஏப் சென்ற மாதம் வானொலி நிலையத்தில் சேர்ந்தார். என்னைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் பியானோவைத் தொட மாட்டேன் என்று அங்கே சண்டை போட்டாராம். இன்று மாலை முதல் ஒலிபரப்பு. முகப்பூச்சு வேண்டாம், வயது வேண்டாம், இடுப்பு வேண்டாம். பழைய கம்பளிச் சட்டையில் போய்ப் பாடிவிட்டு வந்தேன். இந்த மனுஷனுக்கு நான் எந்த ஜன்மத்தில் என்ன செய்தேன்?

1930 ஏப்ரல் 9, புதன்

இன்று மக்கள்தொகைக் கணக்கு எடுக்க ஒரு பெண் வந்தாள். நல்ல வெயில், அவள் காலணியெல்லாம் புழுதி. உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தேன். பெரிய தாளை முழங்கால்மேல் விரித்துக்கொண்டாள்.

"வீட்டுத் தலைவர்?"

"ஐடா ஹோல்கிரென்." சினிமாப் பெயரைச் சொல்லத் தோன்றவில்லை.

"வேற யார் இருக்காங்க? உறவு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாடிப்படியிலிருந்து வின்னி, "வினிஃப்ரெட். மகள்," என்றாள். தலைமுடியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, பாதி உடுத்தியபடி. "அம்மா, என் பச்சைப் பெல்ட்டை எங்க வச்சே? நடன வகுப்புக்கு நேரமாச்சு!"

"எனக்கு எப்படித் தெரியும்? கண்ட இடத்துல கழட்டிப் போடறது, அப்புறம் என்னைக் கேக்கறது!"

"நீதான் எடுத்து வச்சே!"

"நான் எடுக்கல!"

அந்தப் பெண் 'மகள்' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தாள். பேனா எங்கும் நிற்கவில்லை.

"வானொலிப் பெட்டி இருக்கா?" என்று தாளில் இருந்த அடுத்த கேள்வியைக் கேட்டாள்.