பாதிப் பத்திரிகையில் படித்த சட்டம்

மாத்தளை,
வெள்ளிக்கிழமை, மஃரிப் தொழுகைக்குப் பிறகு.

நானா, இது உம்மாவின் கடிதம். உம்மா சொல்லச் சொல்ல உங்கள் தங்கச்சி ஹமீமாவாகிய நான் எழுதுகிறேன். "நான்" என்று வரும் இடமெல்லாம் உம்மா. எனக்கு ஏதும் சொல்ல இருந்தால் அடைப்புக்குள் எழுதுவேன். இந்த முறை எனக்கு எதிரான சங்கதிகளும் இருக்கின்றன. அதனால் எதையும் விடாமல், கூட்டாமல் குறைக்காமல், உண்மையாக எழுதுவதாக உம்மாவின் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். உம்மாவின் பேச்சை மட்டும் எழுத்துத் தமிழாக்குகிறேன், இல்லாவிட்டால் கொழும்பில் உங்கள் கூட்டாளிகள் சிரிப்பார்கள்.

அன்புள்ள மகன் புஹாரிக்கு உம்மாவின் ஸலாம். வாப்பா, தங்கச்சி, நான் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நடமாடுகிறோம், அல்ஹம்துலில்லாஹ், ஆனால் நிம்மதியாக இருக்கிறோம் என்று எழுதினால் அது பொய். நீ எப்படி இருக்கிறாய், அந்த இருமல் விட்டதா, அச்சகத்தில் ஈய எழுத்துத் தொட்ட கையோடு சோறு தின்ன வேண்டாம் என்று போன தடவையும் சொன்னேன், சவர்க்காரம் போட்டுக் கழுவு. நம்முடைய பல்லேபொலத் தோட்டத்தில் மிளகு இந்த வருஷம் பரவாயில்லை, மழை மட்டும் நேரம் தவறிப் பெய்கிறது. வாப்பாவுக்கு முழங்கால் வலி, கடையில் நின்றுகொண்டே துணி அளக்கிறார், உட்காரச் சொன்னால் கேட்பதில்லை. இதெல்லாம் எப்போதும் உள்ளதுதான். இந்தக் கிழமை எங்களுக்குச் சோறு இறங்காத காரணம் வேறு, அதைச் சொல்லத்தான் கடிதம்.

வேலம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும். எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள், ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு வருவாள், நீ சிறுவனாக இருந்தபோது உனக்கென்று கொய்யாப்பழம் மடியில் கட்டிக்கொண்டு வந்தவள். அவள் புருஷன் முத்துவீரன் நான்கு மாதமாகக் கண்டி மறியற்சாலையில் அடைபட்டிருக்கிறான். சம்பள நாள் பின்னேரம் தேயிலை கவ்வாத்து வெட்டிவிட்டுக் கத்தியும் கையுமாக லயத்து வீட்டுக்குத் திரும்பியவனைப் பக்கத்துக் காம்பராவில் இருந்த லெட்சுமணன் குடித்துவிட்டு மறித்து, வேலம்மாவைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்லி, விறகுக் கட்டையால் அடித்திருக்கிறான். அடுத்த நிமிஷம் லெட்சுமணன் தரையில் கிடந்தான், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மௌத்தாகிவிட்டான். முதலிலிருந்து கடைசிவரை கண்ணால் கண்டது ஒரே ஒரு ஆள்தான், முத்துவீரனின் மகள் ராசம்மா, வயது ஒன்பது. அந்த வார்த்தை சொல்லப்பட்டது, அடி முதலில் அந்தப் பக்கமிருந்து வந்தது, வேலை முடிந்து வந்தபோதே கத்தி கையில் இருந்தது, இதையெல்லாம் பிள்ளை கோட்டில் நீதிபதி முன்னால் சொன்னால் திடீர்ச் சண்டையில் நடந்த சாவு என்று எடுத்துச் சில வருஷச் சிறையோடு விடுவார்கள் என்றும், சொல்லாவிட்டால் அது கொலை, கொலைக்குத் தூக்குத்தான் என்றும் அவனுக்காக வழக்குப் பார்க்கும் புரொக்டர் சொல்லியிருந்தார். வழக்கு வருகிற புதன்கிழமை கண்டியில், சின்ன வழக்குக் கேட்கும் நீதவான் முன்னால் இல்லை, பெரிய கோட்டில், ஜூரிமார் ஏழு பேர் முன்னால். மகள் அங்கே நின்று தாயைப் பற்றிய அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டுமே என்று முத்துவீரனுக்கு ஆரம்பத்திலிருந்தே விருப்பமில்லை. கயிற்றை நினைத்துத்தான் சம்மதித்திருந்தான்.

இனி உன் தங்கச்சி செய்த வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கடையில் பத்திரிகை வாசிப்பது உனக்குத் தெரியும், துணி அளந்து முடியும்வரை தோட்டத்து ஆட்கள் நின்று கேட்பார்கள். போன ஞாயிறு அவள் எடுத்தது வெள்ளிக்கிழமைப் பத்திரிகை. அதன் முதற்பக்கத்தின் கீழ்ப்பாதியைக் கிழித்து வாப்பா யாருக்கோ சீத்தைத் துணி சுற்றிக் கொடுத்திருந்தார். மிஞ்சிய மேல்பாதியில், தூக்குத் தண்டனையை நிறுத்தி வைக்கும் மசோதா சபையில் நிறைவேறியது என்று பெரிய எழுத்தில் இருந்ததாம். இவள் அதை வாசித்தாள். வேலம்மா முன்னால் வந்து, "அப்ப கயிறு இல்லியா பாப்பா?" என்று கேட்டாள். இவள், "இல்லை, எடுத்துவிட்டார்கள், சட்டம் வந்துவிட்டது" என்று சொன்னாள். கிழிந்த பாதியில் என்ன இருந்தது என்று இவளும் நினைக்கவில்லை, கிழித்த மனுஷனும் நினைக்கவில்லை.

(நானா, குடியியல் பாடத்தில் மசோதா எப்படிச் சட்டமாகிறது என்று எழுதி எண்பத்திரண்டு புள்ளி எடுத்தவள் நான். பிரதிநிதிகள் சபை, பிறகு செனட் சபை, பிறகு மகாதேசாதிபதியின் கையொப்பம். வேலம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்துக்கு முன்னால் எனக்குச் செனட் சபை ஞாபகத்துக்கு வரவில்லை.)

வேலம்மா நேரே மாரியம்மன் கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை கண்டிக்குப் போய் முத்துவீரனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "கயிறு இல்லைன்னா பிள்ளைய எதுக்குக் கோட்டுல ஏத்தணும்? நானே கொன்னேன்னு ஒத்துக்கிறேன். எத்தன வருசமானாலும் உள்ள கெடக்கறேன், அவ வாயால அந்தப் பேச்சு வர வேணாம்." புரொக்டரின் ஆளைக் கூப்பிட்டு அவரிடமும் அப்படியே சொல்லிவிட்டானாம். திரும்பி வரும் வழியில் வேலம்மாவே கடையில் இறங்கி இதையெல்லாம் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

புதன்கிழமை பகல் இடைவேளையில் ஹமீமா பள்ளிக்கூடத்திலிருந்து லீவும் கேட்காமல் ஓடி வந்தாள். அங்கே வாசிப்பறையில் அதே வெள்ளிக்கிழமைப் பத்திரிகை முழுசாக இருந்ததாம். கீழ்ப்பாதியில், மசோதா இனித்தான் செனட் சபைக்குப் போக வேண்டும், அங்கே எதிர்ப்பு இருக்கிறது, அதுவரை சட்டம் பழையபடிதான் என்று போட்டிருந்ததாம். அவள் அழுகையில் பாதிதான் எனக்கு விளங்கியது, ஆனால் முத்துவீரன் இல்லாத சட்டத்தை நம்பித் தன் கழுத்தைக் கொடுக்கப் போகிறான் என்பது விளங்கியது. வாப்பா கோபத்தில், இனி நீ பத்திரிகையும் வாசிக்க வேண்டாம், பள்ளிக்கூடமும் போக வேண்டாம் என்றார். படித்ததால் வந்த பிழை இல்லை, அரைகுறையாகப் படித்ததால் வந்த பிழை, அதிலும் கிழித்தது நீங்கள் என்றேன், அத்தோடு அந்தப் பேச்சை விட்டார். எல்கடுவ பஸ் கொண்டக்டரிடம் வேலம்மாவுக்குச் சொல்லி அனுப்பினோம். மறுநாள் காலை அவளும் நானும் ஹமீமாவும் கண்டிக்குப் போனோம். மறியற்சாலை வாசலில் நம்முடைய பெண்பிள்ளைகள் போய் நிற்பதா என்று வாப்பா தயங்கினார். "பிழை நம்ம ஊட்டுல இருந்துதான் போனது, திருத்தமும் நம்ம ஊட்டுல இருந்துதான் போகோணும்" என்று சொல்லிவிட்டு நான் முக்காட்டைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பஸ்ஸில் வேலம்மா எங்களை நம்பவே இல்லை. அன்றைக்கு வாசித்ததும் பத்திரிகைதானே, இன்றைக்கு மட்டும் வேறு பத்திரிகையா, பெரிய மனுஷர் சொன்ன சொல்லைத் திருப்பி எடுப்பார்களா என்று கட்டுகஸ்தோட்டை வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். தானே நம்பாத வேலம்மா போய்ச் சொன்னால் முத்துவீரன் எப்படி நம்புவான்? வாசலில் காவல்காரர் சொந்தக்காரரைத் தவிர யாரையும் விட முடியாது என்றார். நான் சிங்களத்தில், மஹத்தயா, இந்தப் பிள்ளை உள்ளே இருக்கிற ஆளுக்கு ஒரு பிழையான சேதி அனுப்பிவிட்டாள், அதை இவள் வாயாலேயே திருத்த வேண்டும் என்றேன். அவர் இவளுடைய பள்ளிக்கூடச் சட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நாட்டுக்குச் சட்டம் போடும் மந்திரி இவதானா என்று கேலி செய்தார். ஆனாலும் ஐந்து நிமிஷம் விட்டார்.

(கம்பி வலைக்கு அந்தப் பக்கம் முத்துவீரன் நின்றார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. நான் பாதிதான் வாசித்தேன், சட்டம் இன்னும் வரவில்லை, எப்போது வரும் என்றும் தெரியாது, வராமலும் போகலாம் என்று சொன்னேன். "அப்ப கயிறு இருக்கு" என்றார். இருக்கு என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அழுவாத பாப்பா. ரெண்டு ராத்திரி நல்லா தூங்கினேன்" என்றார். அதற்குத் திட்டியிருக்கலாம் நானா.)

பிறகு அவன் வேலம்மாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, பிள்ளையைக் கூட்டிட்டு வா என்றான், அவ்வளவுதான். புரொக்டரிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தால் கடையில் லெட்சுமணனின் பெண்சாதி பாப்பம்மா வெள்ளைச் சேலைக்கு நின்றாள். அவளுக்கும் நாம்தான் துணி கொடுக்கிறோம் மகன். தூக்கை எடுக்கப் போகிறார்களாமே என்று அவளும் கேள்விப்பட்டிருக்கிறாள். "அப்ப எம் புருசன் உசுர யார் கேப்பாங்க முதலாளியம்மா?" என்று கேட்டாள்.  இறந்தவனும் நல்லவனோ கெட்டவனோ மூன்று பிள்ளைகளின் தகப்பன். நம்முடைய மார்க்கத்தில் இறந்தவனின் உரித்தாளிகளான பெண்சாதி பிள்ளைகளிடம் மன்னிக்கிறாயா என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். இங்கே சட்டத்தை வைக்கிறவர்களும் எடுக்கிறவர்களும் பாப்பம்மாவிடம் எதுவும் கேட்பதாகத் தெரியவில்லை. அரசாங்கம் யாரையும் கொல்லாமல் இருப்பதுதான் சரி என்று வாப்பா சொல்கிறார், எனக்கும் அப்படித்தான் படுகிறது, ஆனால் அவள் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சேலையைச் சுற்றிக் கொடுத்தேன். பத்திரிகையில் சுற்றவில்லை.

இன்று காலை வேலம்மா ராசம்மாவை நம் வீட்டில் கொண்டு வந்து விட்டிருக்கிறாள். லயத்தில் ஆளுக்கு ஆள் பிள்ளையைப் பிடித்து, அதைச் சொல்லாதே, இதைச் சொல்லு என்று குடைகிறார்களாம். புரொக்டரும், பிள்ளைக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது, கண்டதைச் சொல்லும் தைரியம் இருந்தால் போதும் என்கிறார். ஆனால் அந்தத் தைரியம்தான் இல்லை. பொலிஸ் விசாரித்தபோதும் அவள் வாய் திறக்கவில்லையாம். ஏன் என்று இன்று பகல் சோறு கொடுத்தபோதுதான் தெரிந்தது. சண்டை நடந்த இரவு அவள் அந்த வார்த்தையைச் சொல்லி, அப்படீன்னா என்னம்மா என்று தாயிடம் கேட்டிருக்கிறாள். வேலம்மா இருந்த ஆத்திரத்தில் வாயிலேயே அடித்து, இனி இது உன் வாயில் வந்தால் நாக்கைச் சுட்டுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாள். பிள்ளை என்னிடம், "தொரை முன்னால சொன்னா சுட மாட்டாங்களா?" என்று கேட்கிறாள். நீதிபதியைத்தான் துரை என்கிறாள். அங்கே சொன்னால் யாரும் தொடமாட்டார்கள், உன் அம்மாவும் தொடமாட்டாள் என்று பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன். தலையை ஆட்டுகிறாள், பிறகு உதட்டை மடித்துக்கொள்கிறாள்.

மகன், நீ சட்டங்கள் அச்சாகும் அரசாங்கக் கெசட்டுக்கு எழுத்துக் கோர்க்கிறவன். அந்த மசோதா சட்டமாகிவிட்டால் உன் மேசைக்கு வராமல் ஊருக்கு வராது. வெளியே வருமுன் சொல்லக் கூடாது என்று உங்களிடம் சத்தியம் வாங்கியிருப்பார்கள் என்று வாப்பா சொல்கிறார், அதை மீறச் சொல்லவில்லை. வெளியே வந்துவிட்டால் செவ்வாய்க்கிழமைக்குள் ஒரு தந்தி அடி. கையொப்பத்தைக் கண்ணால் கண்டபிறகு மட்டும் அடி. யாரோ சொன்னார்கள், வரப்போகிறதாம் என்று எதையும் அனுப்பாதே, இந்த வீடு இன்னொரு தடவை தாங்காது. தந்தி வந்தால் முத்துவீரனே முடிவு செய்யட்டும். வராவிட்டால் புதன்கிழமை இந்தப் பிள்ளைதான் சொல்ல வேண்டும், வேறு வழியில்லை.

ஜும்ஆத் தொழுகையை விடாதே. இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி, கடை மருந்தை நம்பாதே. பெருநாளுக்காவது வந்து முகத்தைக் காட்டு, பதினொரு மாதமாகிறது. அல்லாஹ் உன் கண்ணையும் கையையும் காப்பாற்றி, நீ கோர்க்கும் எழுத்தெல்லாம் மனுஷருக்கு நன்மையாக இருக்கச் செய்வானாக. புதன்கிழமை காலை பத்து மணிக்கு வேலையை ஒரு நிமிஷம் நிறுத்தி அந்த மனுஷனுக்கும், பாப்பம்மாவின் பிள்ளைகளுக்கும் சேர்த்து அல்லாஹ்விடம் துஆ கேள், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் உம்மா
நூருன்னிஸா அப்துல் ஸமத்

(பெயரை மட்டும் உம்மா தன் கையால் அரபு எழுத்தில், அரபுத் தமிழில் வைத்திருக்கிறார்.

நானா, கடிதத்தை மடிக்கப் போனேன், இதையும் எழுத வேண்டியதாகிவிட்டது. வாப்பா இஷா தொழப் பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறார். ராசம்மா என் பாயில் சுவர்ப்பக்கமாகப் படுத்திருக்கிறாள். உம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு அந்த மாமா என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டார், வேறொன்றும் சொல்லவில்லை. அவள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். இப்போது, "லைட்ட அணைச்சா சொல்றேன்" என்கிறாள். கோட்டில் யாரும் லைட்டை அணைக்க மாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். உம்மா கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு எழுந்து சுவிட்சுப் பக்கம் போகிறார். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள், லைட்டை அணைத்துவிட்டார்.)