ஸ்பீக்கர் கெட்டுப்போகவில்லை

சோமனூர்,
திங்கட்கிழமை.

அன்புள்ள லாஸ்யா கண்ணுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், தறிகளும் நலமாக ஓடுகின்றன. புனேயில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? வீடியோ காலில் நீயும் அம்மாவும் கையாலேயே ஊர்க்கதையெல்லாம் பேசுகிறீர்கள், நான் எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறேன், எனக்கு இந்தக் கடிதம்தான்.

நேற்று நீ நடித்து எடுத்த படத்தைக் கல்யாண மண்டபத்தில் போட்டோம். கோவையிலிருந்து உன்னைப் போலவே காது கேளாத உன் சிநேகிதர்கள் முப்பது பேர், நம் சொந்தக்காரர்கள், தறிக்குடோன் ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். படம் ஓட ஆரம்பித்ததும் உன் சித்தப்பா, "ஏனுங்கண்ணா, ஸ்பீக்கர் கெட்டுப்போச்சுங்களா" என்று கேட்டுவிட்டு, வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தார். சத்தமும் இல்லை, கீழே எழுத்தும் இல்லை, நீ ஒருத்தியே கையாலும் முகத்தாலும் நம் குடோன் கதையைச் சொல்கிறாய் என்று அவருக்கு எப்படித் தெரியும்! உன் சிநேகிதர்கள் சிரித்தார்கள், அவர்களோடு சேர்ந்து கடைசி வரிசையில் நம் தறிக்காரர் காளிச்சாமியும் சிரித்தார். தறிச் சத்தத்தில் வாயால் பேசி யாருக்குக் கேட்கும், இருபது வருடமாக நானும் அவரும் கையைக் காட்டித்தானே வேலை பார்க்கிறோம். படத்தில் நீ இரண்டு விரலைக் கத்தரி மாதிரி காட்டி இழை அறுந்ததைச் சொல்வது, மீசையை முறுக்கிக்கொண்டே தறியை நிறுத்தச் சொல்வது எல்லாம் அப்படியே நான். "மொதலாளிங்க, நம்ம அம்மணி உங்களை அப்படியே செஞ்சு காட்டிப்போட்டுதுங்க" என்று அங்கிருந்தே கத்தினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, எழுந்து நின்று, எனக்குப் புரிந்தவரை சொந்தக்காரர்களுக்கு வாயால் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

அப்புறம் அந்த இடம் வந்தது. விருந்தாளிகள் முன்னால் சின்னப் பெண் கையை எடுத்துப் பேசுகிறாள், அப்பா அந்தக் கையைத் தட்டிவிடுகிறார். நான் நிறுத்திவிட்டேன். மண்டபமே என்னைப் பார்த்தது, சித்தப்பா வேறு "இப்ப என்னங்ண்ணா சொல்லுது" என்றார். "அப்பன் கையைத் தட்டிவிடறானுங்க, வாயில பேசுன்னு. தறிக்கு ஒரு நாயம், புள்ளைக்கு ஒரு நாயம்" என்று சொல்லிவிட்டேன். கையால் பேசினால் உனக்குப் பேச்சே வராது என்று யாரோ சொன்னதை நம்பினேன் கண்ணு, நாலு பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கமும் இருந்தது. தப்பு என்னுடையது. அதையும் மறைக்காமல் காட்டினாயே, அதில்தான் எனக்கு இன்னும் பெருமை.

அவிநாசியப்பர் உனக்குத் துணையிருப்பார், நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். குளிருக்கு ஸ்வெட்டர் போட மறக்காதே. வரும் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அம்மா இல்லை, நான்தான் வருவேன். எனக்குத் தெரிந்தது குடோன் கை மட்டும்தான், மெதுவாகக் காட்டு. தப்பாகப் பேசினால் என் கையைத் தட்டிவிடாதே.

உன் அப்பா,
சீனிவாசலு