மஞ்சுளா வீட்டுக் களி

2004, ஆடி, செவ்வாய் இரவு

மாதக் கடைசி. வயிறும் நிறைய வேண்டும், மளிகையும் தாங்க வேண்டும் என்று வாரச் சமையலை ஞாயிறன்றே எழுதி வைத்திருந்தேன். இன்றைக்குத் தக்காளி சாதம்.

நேற்று காலை, பக்கத்து வீட்டுப் பாகலூர்க்காரி மஞ்சுளா கேழ்வரகுக் களியும் கீரைச் சாறும் கொடுத்தாள். அதைத் தின்றுவிட்டு வேலைக்குப் போன என் வீட்டுக்காரர், திரும்பி வந்ததும் வராததுமாக, "மத்தியானம் வரைக்கும் பசியே எடுக்கல. நீயும் அவங்ககிட்ட கத்துக்கயேன்" என்றார். பன்னிரண்டு வருஷமாக நான் பொங்கிப் போட்டது பசியாற்றவில்லையாம்!

அவளிடம் போய்க் கேட்பேனா? இன்று துணி காயப்போடும் சாக்கில் அவள் ஜன்னலை எட்டிப் பார்த்தேன். பருப்பையும் கீரையையும் சேர்த்து வேகவைத்தாள். வடித்த தண்ணீரில் சாறு வைத்தாள், மிச்சத்தைத் தாளித்துப் பொரியலாக்கினாள், கடைசியில் களி கிண்டினாள். நான் இத்தனை நாளும் அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டியவள்.

தக்காளி சாதத்தை விட்டுவிட்டு நானும் அப்படியே செய்தேன். முதல் களி கட்டி தட்டிப்போனது. அதை யாருக்கும் தெரியாமல் நானே தின்று தீர்த்தேன். இரண்டாவது வழவழவென்று வந்தது.

ராத்திரி அவர் மெல்லாமல் உருட்டி விழுங்கினார். "மஞ்சுளா குடுத்தாங்களா? அவங்க கைப்பக்குவமே தனி."

நான்தான் செய்தேன் என்றால், அவளைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்றாகிவிடும். "ஆமா" என்று சொல்லிவிட்டேன்.

"பாத்திரத்த வெறுமனே திருப்பிக் குடுக்காத. எதாச்சும் வச்சுக் குடு" என்றார்.

அது என் கல்யாணச் சீரில் வந்த பாத்திரம். விளிம்பில் என் பெயர் வெட்டியிருக்கிறது.