மஞ்சள் செம்பருத்தியின் தாய்ச்செடிகள்

அன்பு மகள் உனைசிக்கு, சிங்காதோக்காவிலிருந்து அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் மூச்சு ஓடுகிறது, கால் வீக்கம் பாதி வடிந்திருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அந்த நியூசிலாந்துக் குளிரில் நெஞ்சுச்சளி இல்லாமல் இருந்தால் எனக்கு அது போதும். என் நர்சரியை மூடிவிட்டு உன்னிடம் வந்துவிடு, அங்கே உன் வீட்டுக்குப் பின்னால் நாம் ஒன்று போடலாம் என்று கேட்டிருந்தாய். மூன்று வாரமாகப் பதில் எழுத உட்கார்ந்தேன், உட்கார்ந்த இடத்திலேயே பொழுது போயிற்று. துக்கம் என்று நினைக்காதே, ஒன்றுமே தோன்றவில்லை, அவ்வளவுதான்.

தொற்றுநோயில் ஓட்டல்கள் அடைத்த வருஷம் உனக்குத் தெரியும். பெரிய ஓட்டலுக்கென்று பையில் வளர்த்த இரண்டாயிரம் பூச்செடியை ஏற்றிப்போக லாரி வரவில்லை. எல்லாவற்றையும் ஒரே வாசலுக்கென்று வளர்த்தது என் தப்பு, நீ எங்கே போட்டாலும் அதைச் செய்யாதே. வேலை போனவர்கள் எல்லாரும் ஊருக்குத் திரும்பி வந்து மண்ணைக் கொத்தினார்கள், செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அதே பையில் கத்தரியும் மிளகாயும் நாற்று விட்டேன். காசு கொடுத்தவர் கொஞ்சம், தேங்காயும் மீனும் கொண்டுவந்தவர் கொஞ்சம், கேரேகேரே, தயவாய்க் கொடு என்று கேட்டுச் சும்மா வாங்கிப் போனவர்தான் மிச்சம். அந்தச் சொல்லோடு சொந்தக்காரர் வந்து நின்றால் இல்லை என்று சொல்ல நம் தீவில் யாருக்கு வாய் வரும்? நாற்றுக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை, விதை போட்டால் நாற்று மறுபடி வரும்.

உன் அப்பாவின் தம்பி பெண்டாட்டி, உன் சித்தி வாசித்தி வந்தாள் பார், அதுதான் வருத்தம். வேலியோரம் இருந்த மஞ்சள் அடுக்குச் செம்பருத்தி வரிசையைக் காட்டி, இனிமே பூவ யாருக்கா வாங்கப் போறா, எடத்த அடச்சுக்கிட்டு நிக்குது, கேரேகேரே, எனக்குக் குடுத்துடு என்றாள். பதினாறும் தாய்ச்செடி. அதிலிருந்துதான் வருஷா வருஷம் கிளையைப் போத்தாக வெட்டி நட்டேன், உன் பள்ளிக்கூடச் சீருடை அதில் வந்தது. அவளுக்கு இல்லை என்று சொல்லியிருக்கலாமோ என்னவோ. ஆனால் உன் அப்பா சாவில் அவர்மேல் போட வைத்திருந்த, உன் பாட்டி முடைந்த பெரிய பாயை என்னைக் கேட்காமல் எடுத்துத் தன் அண்ணன் வீட்டாருக்குக் கொடுத்தவள் அவள். அன்றிலிருந்து இருபத்தொரு வருஷம் அவளிடம் நான் ஒரு எலுமிச்சம்பழம்கூடக் கேட்டதில்லை, கேட்டதையெல்லாம் கொடுத்தேன். கொடுக்கக் கொடுக்க நான் மேலே, அவள் கீழே என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பில்தான் பதினாறையும் வேரோடு தோண்டிக் கொடுத்தேன். அந்த இடத்தில் மரவள்ளி வைத்தேன்.

போன மாதம் ஓட்டல் தோட்டக்காரன் போனிபாத்தே வந்தான். தொறக்கப் போறாங்கம்மா, அந்த மஞ்சள் செம்பருத்தி முந்நூறு வேணும், கிறிஸ்துமஸுக்குள்ள, உங்ககிட்டதான கெடைக்கும் என்றான். சரி என்றுவிட்டேன். அவன் போனபிறகுதான் மரவள்ளியைப் பார்த்தேன். செடி செத்தாலும் நர்சரி பிழைக்கும் உனைசி, தாய்ச்செடி போனால் வெறும் பையும் மண்ணும்தான். அப்போதே உனக்கு வருகிறேன் என்று எழுதியிருப்பேன், பேனா கிடைக்கவில்லை.

நாலு நாள் கழித்துக் கத்திரியை எடுத்துக்கொண்டு வாசித்தி வீட்டுக்கு நடந்தேன். செடிகள் ஆள் உயரம் நின்றன, நன்றாகத்தான் வைத்திருந்தாள், அதையும் சொல்ல வேண்டும். கேரேகேரே என்று சொன்னேன். துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் ஈரத்துணியைக் கொடியில் எறிந்துவிட்டுத் திரும்பினாள். என்னது, இன்னொரு வாட்டி சொல்லு, என் காது கேக்கட்டும் என்றாள். சொன்னேன். இருபத்தொரு வருஷமா என் வாசல்ல ஒரு வாய்த் தண்ணி கேக்கலையே, கேக்காமயே என்னப் பிச்சக்காரியா ஆக்கி வச்சிருந்தியேக்கா, அந்தப் பாய எங்கண்ணன் பொணத்து மேல போடக் குடுத்தேன், ஒரு தடவ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல என்றாள். அவள் அண்ணனும் அதே வாரம் செத்தது எனக்குத் தெரியும். எந்தப் பாயைப் போட்டார்கள் என்று நான் போய்ப் பார்க்கவில்லை. அழுகை வரும் என்று நின்றேன், வரவில்லை. அவள்தான் அழுதுகொண்டே வெட்டினாள், நான் கூச்சத்தில் நூறுதான் கேட்டேன், அவள் நானூறுக்கும் மேல் வெட்டிக் கட்டித் தந்தாள். என்னிடம் கேட்காமல் பாயை எடுத்தது தப்புத்தான், அதை நான் விடுவதாக இல்லை.

போத்தெல்லாம் மணலில் நிற்கிறது. வேர் பிடிக்க ஆறு வாரம், எத்தனை பிடிக்கும் என்று தெரியாது. காலையில் வாசித்தி வந்து தண்ணீர் தெளிக்கிறாள், அதிகமாகத் தெளிக்கிறாள், திட்டுகிறேன், மறுநாளும் வருகிறாள். அதனால் நான் இப்போது வரவில்லை, டிக்கெட் எடுக்காதே. நீ அங்கே நர்சரி போடு, நாற்றைக் கேட்டவருக்குக் கொடு, தாய்ச்செடியை மட்டும், பெற்றவள் நானே கேட்டாலும் கொடுக்காதே. உனக்கு ஏதாவது வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேள்.

உன் கைபட்டதெல்லாம் துளிர்க்கட்டும், ஆண்டவர் உங்கள் மூவர் தலைமேலும் கை வைத்திருக்கட்டும். பேரனுக்குக் காதில் சீழ் என்றாயே, தேங்காய் எண்ணெய் ஊற்றாதே, டாக்டரிடம் காட்டு.

உன் அம்மா,
மெரியோனி